அறிவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம். நம் வட்டத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

கேள்விப் பெட்டியில் விழும் எந்தக் கேள்விக்கும், கேட்டவர் தம் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சேர்த்தே விடை சொல்ல வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இதனால் விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்துவிட்டது. ஆயினும் அத்தீர்மானம் சரியானதே என்பது என் உறுதியான கருத்து.

முதல் கூட்டத்திலேயே அதன் பயன் தெரிந்தது. பனிக்கட்டி போட்ட குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து படிகிறது என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், குவளை நீரில் சிவப்புச் சாயம் கலந்து, வாயை இறுக மூடி, மின்னணுத் தராசின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சிறிது நேரத்தில் துளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்து அடியில் தேங்கின. அவற்றில் ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. தராசின் எண்ணோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குவளையிலிருந்து கசிந்திருந்தால் எடை கூடியிருக்காது என்பதை அந்த மாணவியே எழுந்து சொன்னார். நாங்கள் விளக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஒரே அறையில் கிடக்கும் இரும்புத் தகடு மரப்பலகையைவிடச் சில்லென்று இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, இரண்டின் மேலும் ஒரே அளவுப் பனிக்கட்டிகளை வைத்துக் காட்டினோம். ‘குளிர்ந்த’ தகட்டின் மேலிருந்த கட்டிதான் முதலில் உருகியது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே என்றாலும், இரும்பு வெப்பத்தை மரத்தைவிடப் பல மடங்கு விரைவாகக் கடத்துகிறது. அதனால் நம் விரலின் வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்கிறது, பனிக்கட்டிக்கும் விரைந்து கொடுக்கிறது. அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது கண்மயக்கே என்பதைக் காகிதக் குழல் வழியே பார்த்து உறுப்பினர்கள் உறுதிசெய்துகொண்டனர். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் ஒவ்வொரு மூன்று விநாடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு என்பதும் பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

நம் தவறு ஒன்றையும் இங்கே பதிவுசெய்தாக வேண்டும். நீரில் நெடுநேரம் நனைந்த விரல்நுனிகள் சுருங்குவது ஏன் என்ற கேள்விக்கு, தோல் நீரை உறிஞ்சி ஊதுவதால்தான் என்று, சோதனை எதுவும் செய்யாமல், நானே விடை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதைப் படித்த உறுப்பினர் ஒருவர், பழைய வெட்டுக்காயத்தில் நரம்பு அறுபட்டு உணர்விழந்த தம் சுண்டுவிரல் எவ்வளவு நனைந்தாலும் சுருங்குவதில்லை என்றார். அடுத்த கூட்டத்தில் அவர் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்தார். சற்று நேரத்தில் மற்ற விரல்நுனிகளெல்லாம் வரிவரியாகச் சுருங்கியிருக்க, அந்த ஒரு விரல் மட்டும் வழவழப்பாகவே இருந்தது. நரம்பின் ஏவலால் இரத்தக்குழாய்கள் சுருங்கி, உள்ளே பருமன் குறைவதால் மேல்தோல் மடிகிறது என்பதும், நரம்பு பாதித்தவர்களிடம் இச்சுருக்கம் தோன்றுவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஈரப் பொருள்களைப் பற்ற இச்சுருக்கம் உதவுகிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 2014-இல் வந்த மற்றோர் ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. பழைய தாளை நீக்கிவிட்டுத் திருத்தத்தை ஒட்டியிருக்கிறோம்.

கைகழுவும் தொட்டியில் வடியும் நீர் சுழலும் திசையைப் புவியின் சுழற்சி முடிவுசெய்கிறதா என்பதே மிகுந்த விவாதத்துக்குள்ளான கேள்வி. உறுப்பினர்கள் தத்தம் வீட்டில் பார்த்துவந்த திசைகள் இரண்டு பக்கமும் இருந்தன. தொட்டியின் வடிவமும், நீர் ஊற்றியபோது எஞ்சிய அசைவுமே அங்கு மேலோங்குகின்றன. புவிச்சுழற்சியின் விளைவைக் காண, 1962-இல் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஆஷர் ஷபிரோ ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. வடகோளத்தில் அவர் கண்டது இடஞ்சுழி. 1965-இல் தென்கோளத்திலுள்ள சிட்னியில் இதேபோன்று செய்தவர்கள் வலஞ்சுழியைக் கண்டனர். நம்மிடம் அத்தகைய தொட்டி இல்லாததால், நம் விதிப்படி இக்கேள்வியை ‘விடை நிலுவையில்’ என்றே குறித்துள்ளேன்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். தராசு ஒன்றும் வெப்பமானிகள் இரண்டும் பழுதாகியுள்ளன. அவற்றை மாற்றவும், ஒரு பெரிய வட்டத் தொட்டி செய்துகொள்ளவும் அனுமதி வேண்டி, இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்