பிழை எந்த எக்ஸானில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை பற்றிய கட்டுரை, ‘மரபணு பழுதானால் பழுதான புரதம் உருவாகும்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அதை அப்படியே விட மனமில்லை. பல நேரங்களில் அந்தப் புரதத்தை உருவாக்கச் செல் இடமே கொடுப்பதில்லை.

மரபணுவின் செய்தியை நகலாகச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வில், எக்ஸான்கள் எனப்படும் துண்டுகள் ஒட்டப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் சற்று முன்னால் ஒரு புரதக் கூட்டம் அமர்ந்திருக்கும். தூதை முதலில் வாசித்துப் புரதம் கட்டிச் செல்லும் ரைபோசோம் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகும். மரபணுப் பழுதால், ‘புரதம் இங்கே முடிகிறது’ என்னும் நிறுத்தக் குறி பாதியில் வந்து ரைபோசோம் நின்றுவிட்டால், அதற்கு அப்பால் உள்ள கூட்டம் கலையாமல் கிடக்கும். செல்லுக்கு அதுவே துப்பு. யுபிஎஃப்1 என்ற புரதம் முன்னின்று அந்தத் தூதை அழிவுக்கு அனுப்புகிறது. ஈஸ்ட்டிலும் தலசீமியாவிலும் இதன் தடயங்கள் 1979லேயே கிடைத்துவிட்டன.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில் எக்ஸான்கள் மூன்று. இரண்டாவதன் நடுவில் அவசர நிறுத்தம் வந்தால் தூது பெரும்பாலும் அழிந்துவிடும். தாய்வழி, தந்தைவழி வந்த இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் இப்படிப் பழுதானவர் லேசான சோகையோடு நடமாடுவார். மூன்றாவதில் வந்தாலோ, அதற்கு அப்பால் ஒட்டே இல்லை! தூது தப்பிக்கிறது. குறைப்புரதம் உருவாகி, வளரும் சிவப்பணுக்களிலேயே படிந்து கெடுக்கிறது. ஒற்றைப் பிரதியின் பழுதே நோயாகிவிடுகிறது.

இதற்குக் கால் பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். ராசிபலனுக்கு அரைப் பக்கம் தருகிறீர்களே!

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தஞ்சாவூர்