செயலாளரின் ஆண்டறிக்கை: பணியாளர்கள் தங்க வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, செவிலியர், மருத்துவ உதவியாளர், களப்பணியாளர் எனத் திரண்டு வந்திருக்கும் சங்கத்து உறவுகளே, வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளம் செவிலியர்களே அதிகம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். மற்றபடி ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைத்தான் பேசினோம்: நம்மைப் போன்ற வளரும் நாட்டில் சுகாதாரப் பணியாளர்கள் ஏன் போதவில்லை, பணிக்கு வந்தவர்கள் ஏன் தங்குவதில்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அறிக்கையிலிருந்து படிப்பு வட்டத்தைத் தொடங்கினோம். மருத்துவர், செவிலியர், மகப்பேறு செவிலியர் எல்லோரையும் சேர்த்து ஆயிரம் மக்களுக்கு 2.28 பேராவது இல்லாவிட்டால் பிரசவம் பார்ப்பது போன்ற அடிப்படைச் சேவையே தடுமாறும் என்பது அதன் கணக்கு. 57 நாடுகளில் கடும் பற்றாக்குறை என்றது. சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா உலக நோய்ச்சுமையில் 24 சதவீதத்தைச் சுமந்தது. உலகின் சுகாதாரப் பணியாளர்களில் அங்கே இருந்தவர்களோ 3 சதவீதம்தான்.

சரி, ஆள் இல்லையென்றால் கல்லூரி திறந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் பற்றாக்குறை உள்ள நாடுகளிலேயே செவிலியர் படிப்பு முடித்தவர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் ஆள் இல்லை. ஆளைப் போடப் பணியிடமும் இல்லை, சம்பளத்துக்கு நிதி ஒதுக்கீடும் இல்லை. அப்படியே வேலை கிடைத்தாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஆப்பிரிக்க நாடான மலாவியைப் பற்றிய கூட்டம் நெடுநேரம் நீண்டது. அந்த நாடு 2004-இல் நெருக்கடிகாலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, முக்கியமான பணிப்பிரிவுகளுக்குச் சம்பளத்தோடு 52 சதவீதம் கூட்டிக் கொடுத்தது. பயிற்சி இடங்களையும் பெருக்கியது. 5,453 ஆக இருந்த அந்தப் பணியாளர்கள் 2009-இல் 8,369 ஆனார்கள். சம்பளம் கூடினால் ஆள் நிற்பார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு நன்கொடை. நன்கொடை நின்றால் யார் கொடுப்பது என்று நம் இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளம் நாட்டின் சொந்த வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதே செயற்குழுவின் நிலை.

மொசாம்பிக்கின் வழி வேறு. 1984 முதல், மருத்துவர் அல்லாத இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்று ஆண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அவர்களில் 88 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள்; மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. எத்தியோப்பியா 2003-இல் ஆரம்பித்த திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து அரசுச் சம்பளத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தினார்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரைகளும் இதையே சொல்கின்றன.

அப்புறம், வெளிநாடு போகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று இந்த மேடையிலேயே பதிவு செய்கிறேன். கேட்க வேண்டியது, பயிற்சிக்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் ஆளைக் கொண்டுபோகிற பணக்கார நாடுகளைத்தான். 2010 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் ஏற்ற ஆளெடுப்பு நெறிமுறை இருக்கிறது; ஆனால் அது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். ஆள் பற்றாக்குறை கடுமையாக இருப்பதால் பிற நாடுகள் முனைந்து ஆளெடுக்கக் கூடாத நாடுகள் என்று 2023-இல் வெளியான பாதுகாப்புப் பட்டியலில் 55 நாடுகள் இடம்பெற்றன.

நாம் என்ன செய்தோம்? தொலைதூர நிலையங்களில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களைப் போய்ப் பார்த்தோம். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போவது எல்லோருக்கும் இருந்த மனக்குறை. அதற்கடுத்து அவர்கள் கேட்டவை பெரிய விஷயங்களே இல்லை: பூட்டுப் போட்டுத் தூங்கக்கூடிய குடியிருப்பு, தண்ணீர், இரவுப் பணியில் இன்னொரு ஆள், இத்தனை ஆண்டில் இடமாறுதல் உண்டு என்ற உறுதி. இரவில் தனியாகப் பிரசவம் பார்க்கும் பெண்ணுக்கு இவற்றைச் செய்து தராமல் சேவை மனப்பான்மையைப் பற்றி உபதேசிப்பது கொடுமை. இவற்றை மனுவாக எழுதித் துறைக்கு அனுப்பினோம், பதில் வரவில்லை. இதற்கிடையே, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் எந்நேரமும் கூப்பிடக்கூடிய ஒரு மூத்த உறுப்பினரை ஏற்பாடு செய்தோம். இதற்கு முன்வந்த மூத்தவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பக் கோரி மீண்டும் மனு கொடுத்து, இம்முறை நேரிலும் சந்திப்பது. கிராமப்புறப் பிள்ளைகள் செவிலியர் படிப்பில் சேர இலவச வழிகாட்டல் வகுப்பு நடத்துவது. பொதுக்குழு விவாதித்து ஒப்புதல் தர வேண்டுகிறேன். அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்