கடைக்காரர் மகனுக்கு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கடைக்காரர் மகனுக்கு,

அம்மாவின் கருமாதிக்காக ஜொகூர் பாருவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு திரும்பிப்போன உனக்கு நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது குற்றந்தான். இங்கு எல்லாரும் நலம். என் சர்க்கரை மட்டும் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. உன் பேத்தி பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாய். அவளுக்கு என் ஆசி. இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

புத்தகம் கிடைத்துவிட்டது.

எந்தப் புத்தகம் என்று நீ கேட்கமாட்டாய். 1970-இல் உன் அப்பா கடையை மூடிவிட்டு நம் ரப்பர்த் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய வாரத்தில் காணாமற்போனதும், அன்றிலிருந்து என் கல்யாணப் பந்தி வரைக்கும், ஏன், அம்மாவின் கருமாதிப் பந்தி வரைக்கும், நீ என்னைத் திருடன் என்று அழைக்கக் காரணமாக இருந்ததுமான அந்தப் பாரதியார் கவிதைப் புத்தகம், அம்மாவின் தகரப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் இருந்தது. அட்டை போய்விட்டது, ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும், சம்பள நாளில் கைநாட்டுத்தான் வைப்பார் என்பதும் உனக்குத் தெரியும். எங்கள் ஐந்து பேருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் சிவப்பு அடையாள அட்டை, மாரியம்மன் கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, எல்லாவற்றையும் பக்கங்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தார். ஆக, பாரதி எங்கள் வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் கோப்பாக உழைத்திருக்கிறான். சம்பளமில்லாத வேலை அவனுக்குப் புதிதன்று.

எடுத்ததை உடனே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம், நான் படிக்க உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாரதியைக் கற்றுக்கொடுத்தவன் என்று பெயர். ஆனால் அத்தனை வருடமும் பாடநூலில் வந்த அதே பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது வயது நிறைவதற்கு முன்பே, 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில் செத்துப்போன ஒருவனை, அறுபத்தெட்டு வயதுக் கிழவன் முதலிலிருந்து படிக்கும்போது மரியாதையைவிடக் கவலைதான் அதிகமாக வருகிறது. இந்தப் பையன் எப்படிச் சாப்பிட்டான், யார் இவனுக்கு வாடகை கொடுத்தார்கள் என்று மனம் போகிறது.

யோசித்துப் பார். பதினொரு வயதில் எட்டயபுரத்துச் சபை அவனுக்குப் ‘பாரதி’ என்று பட்டம் கொடுத்தது. புலவன் என்றால் அரண்மனையை அண்டியிருக்க வேண்டும், அரண்மனை மனம் வைத்தால் சோறு, வைக்காவிட்டால் பட்டினி என்பது அந்தக் கால நடைமுறை. பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போன அப்பா 1898-இல் இறந்ததும் காசிக்குப் போனான். திரும்பி வந்து அதே ஜமீனில் வேலை பார்த்தான். பிடிக்காமல் வெளியேறி 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் கற்பித்தான். அதே ஆண்டு சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் துணையாசிரியர் ஆனான். அரண்மனையைவிட்டு அச்சுக்கூடத்துக்கு வந்த புலவன் அவன். வந்த இடத்திலும் நிம்மதி உண்டா? ‘இந்தியா’ பத்திரிகையால் வெள்ளைக்காரன் துரத்த, 1908-இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு ஓடி, பத்து வருடம் அங்கேயே கிடந்தான். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவனைக் கடலூரில் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதுகிறான். ‘கவியரசர் தமிழ்நாட்டுக் கில்லையெனும் வசையென்னாற் கழிந்த தன்றே’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கை நீட்டுகிற பாட்டு அது. பலன் ஒன்றும் இல்லை. அடுத்த வருடமே, 1920-இல், கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறான்: தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போடப்போவதாகவும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடன் வேண்டும் என்றும். நாற்பதைப் பத்தாயிரத்தால் பெருக்கு, நான்கு இலட்சம்! அவை எப்படி விற்கும் என்பதற்கு அவன் சொன்ன உவமைதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல, அவற்றைக் காட்டிலும் சாதாரணமாக, தமிழ்நாட்டில் தன் நூல்கள் விலைபோகும் என்றான்.

பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்குப் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள்; நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே சிறுபான்மையாக இருந்த நாட்டில் நான்கு இலட்சம் பிரதிகளை யார் வாங்குவது? பணம் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. ஆனால் அவன் கணக்கில் ஆளைப் பற்றிய தவறு இல்லை, காலத்தைப் பற்றிய தவறுதான் இருந்தது. இன்னும் கேள்: 1928-இல் அவன் பாட்டுப் புத்தகத்துக்குத் தடை முதலில் பர்மா அரசாங்கத்திடமிருந்து வந்தது, அதைப் பார்த்துத்தான் சென்னையிலும் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். கடல் கடந்து போன தமிழன் கையில் அந்தப் பாட்டு இருந்தால் ஆபத்து என்பது அவனுடைய நண்பர்களைவிட ஆட்சிக்காரர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. 1949-இல் சென்னை அரசு உரிமையை வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கியதும் மலிவுப் பதிப்புகள் பெருகின. அப்படித்தான் ஒன்று கப்பலேறி, நம் தோட்டத்துக்கு, உன் அப்பாவின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் தீப்பெட்டி அடுக்குக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. இடம் சரியாகத்தான் இருந்தது, இல்லையா?

ரப்பர்ப் பாலை எடை போட்டுவிட்டு வந்த சாயங்காலங்களில் உன் அப்பா அதை உரக்கப் படித்தது நினைவிருக்கிறதா? அவருடைய குரலை நீ கேலி செய்வாய். எனக்கு அதுதான் பாரதியின் குரல். ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டைப் படித்த அன்று அம்மா கையில் வெறும் போத்தலோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிஜித் தீவுக்குக் கரும்பு வெட்டப்போன நம் பெண்களைப் பற்றிய பாட்டு அது. ‘விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே’ என்று அவன் காற்றிடம் விசாரிக்கிறான். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டின் முடிவில் வீரகராளி, சாமுண்டி, காளி என்று அவன் கூப்பிட்டதும், அம்மா போத்தலை நீட்டியபடியே, “இவளை மொதல்லயே கூப்பிட்டிருக்கலாமே” என்றார். எல்லாரும் சிரித்தோம். இப்போது அந்தப் பாட்டை மறுபடி படிக்கும்போது, பாரதியைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுவே சரியானது என்று தோன்றுகிறது. அவன் பாட்டில் பெண்கள் விம்முகிறார்கள், பிறகு விம்மி அழவும் திராணி இல்லாமல் போகிறார்கள். அம்மா விம்மி நான் பார்த்ததில்லை. நிறையில் பாலைக் குறைத்து எழுதிய தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கவைத்து அவர் கேட்ட கேள்விகளைத்தான் நீயும் நானும் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறோம்.

அவன்மேல் குறை சொல்வதாக நினைத்துவிடாதே. கப்பலேறாத ஒருவன், பத்திரிகைக்காரனாக இருந்ததால், ஏழு கடல் தாண்டிய செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் எழுதினான். அரண்மனைப் புலவனாகவே இருந்திருந்தால் பிஜி என்ற பெயரே அவன் பாட்டில் வந்திராது. ஆனால் நம் கித்தாத் தோட்டத்துக்கு அப்படி ஒரு பாட்டை ஏன் அவன் எழுதவில்லை என்பதுதான் நான்கு மாதமாக என்னைக் குடைகிறது. என் ஊகத்தைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் வைது எழுது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-லேயே நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வந்தவர்களைக் கங்காணி தன் ஊரிலிருந்து, தன் சாதிசனத்திலிருந்து, முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான். மாமன் மச்சான் கூப்பிட்டுப் போவதுபோல் இருந்த பயணம் அது. கடன் கழுத்தில் இருப்பது கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான் தெரியும். பிஜி ஒரு கொடுமையாகப் பத்திரிகையில் வந்தது. மலாயா, சொந்தக்காரர் வீட்டுக்குப் போன கதையாகக் கிராமத்திலேயே நின்றுவிட்டது.

இதையெல்லாம் நம் பள்ளிக்கூடத்துப் பாரதி விழாவில் பேச ஒப்புக்கொண்டு, அந்தப் பாட்டை ஒரு பெண்பிள்ளை சொல்லட்டும் என்றேன். ஏற்பாட்டுக்குழுவில் ஒருவர், விழா நாளில் அழுகைப் பாட்டு வேண்டாம் ஐயா, பிள்ளைகள் முண்டாசு கட்டி அச்சமில்லை சொன்னால் போதும் என்றார். முண்டாசு பன்னிரண்டு வெள்ளி, மீசை மூன்று வெள்ளி. ஒட்டுமீசைக்காரப் பயல்கள் வரிசையாக நின்று கத்தியது அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நான் என் பேச்சைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம்தான் இப்போது உன் தலையில் கடிதமாக இறங்குகிறது.

இனி, கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது. நேற்றுப் பிறப்புச் சான்றிதழ்களைப் பிரித்தெடுக்கும்போது, அவற்றுக்குள் உன் கடைக் கணக்குத்தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. உன் அப்பாவின் கையெழுத்தேதான், அந்த நீளமான கொம்புகளோடு. மேலே அம்மாவின் பெயர். மண்ணெண்ணெய் 1 போத்தல், தீப்பெட்டி 2, உப்பு 1 கட்டி, புத்தகம் 1. மற்ற மூன்றுக்கும் நேரே சென் கணக்கு இருக்கிறது. புத்தகத்துக்கு நேரே ஒன்றுமில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

அம்மா கேட்டு வாங்கினாரா, உன் அப்பாவாகவே கொடுத்தாரா, படிக்கத் தெரியாதவருக்கு எதற்கு என்று யாராவது கேட்டார்களா, இனிமேல் யாரைக் கேட்பது? என்னைத் திருடன் என்று அழைத்த அத்தனை வருடமும் உன் அப்பா பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாரே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தாளை அஞ்சலில் அனுப்பமாட்டேன், புத்தகத்தையும் அனுப்பமாட்டேன். பள்ளி விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நீயே பார்த்துவிட்டுப் போ. உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் பாக்கி இருக்கிறது, அதை அவள் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்
பழைய கடன்காரன்