வரைபடத்தோடு வரலாறு சொல்லித்தர உதவியவர்களுக்கு நன்றி

கணினி வரைபடங்களை வைத்து வரலாறு நடத்தும் எங்கள் பாடத்திட்டம் நல்லபடியாக ஓர் ஆண்டை முடித்திருக்கிறது. கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி நூலகத்தின் வரைபடப் பிரிவுக்கு. பழைய தாள்களை மடிப்பு நீவி, ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தும் படிக்கக் கிடைக்கும்படி ஸ்கேன் செய்து தந்தீர்கள். அந்தத் தாள்களை இன்றைய நிலப்பரப்போடு பொருத்தும் ஜியோரெஃபரன்ஸிங் வேலையைப் புவியியல் துறை நண்பர்கள் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். "ஆற்றங்கரையை நம்பாதீர்கள், ஆறு இடம் மாறும், பழைய பாலத்தைப் பிடியுங்கள்" என்று அவர்கள் சொன்னது இப்போது எங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

2002-ல் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளையும் 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்தையும் வளர்த்துவரும் தன்னார்வலர்களை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் இல்லையென்றால் உரிமக் கட்டணத்திலேயே எங்கள் திட்டம் நின்றுபோயிருக்கும். கணினி ஆய்வகத்தை மாலையிலும் திறந்துவைத்த ஊழியர்களுக்கும் நன்றி.

மாணவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை வீடுவாரியாகக் குறித்த வரைபடத்தைப் பாடமாக வைத்தோம். மக்கள் தண்ணீர் பிடித்த பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி இறப்புகள் குவிந்திருப்பது யார் கண்ணிலும் படும். ஒரு மாணவி மட்டும், "பக்கத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் இருக்கிறதே, அங்கே ஏன் இறப்பு குறைவு?" என்று கேட்டார். அது ஏழைகள் தங்கி வேலை செய்த விடுதி. உள்ளே 535 பேர் இருந்தார்கள், காலராவில் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே தனிக் கிணறு இருந்ததால் அந்தக் குழாய்த் தண்ணீரை நம்பி அவர்கள் இருக்கவில்லை. வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தையும் படிக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வி வகுப்புக்கே புரியவைத்தது. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் பாடம் நடத்துகிறேன்.

ஆய்வு மாணவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. ஆவணம் "ஆற்றுக்கு வடக்கே ஒரு சிற்றூர்" என்று மட்டும் சொல்லும். கணினியோ அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கும். ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஊகம்கூட உறுதியான செய்திபோலத் திரையில் நிற்கும். அதனால் அட்டவணையில் ஒவ்வோர் ஊருக்கும் 'உறுதி', 'ஏறத்தாழ', 'ஊகம்' என்று குறிக்கத் தனி நெடுவரிசை வேண்டும் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். வேலை இரட்டிப்பானது. ஆனாலும் இந்த ஆண்டு செய்ததிலேயே நேர்மையான வேலை அதுதான் என்பேன். அணை நீரில் மூழ்கிய ஊர்களைத் தேடியவர்களுக்கு, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்டு 1995-ல் ரகசியம் நீக்கப்பட்ட, 'கொரோனா' என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் பெரிதும் உதவின. சில ஊர்கள் 'ஏறத்தாழ' என்பதிலிருந்து 'உறுதி'க்கு மாறின.

பொருத்திய வரைபடங்களையும் அட்டவணையையும் அடுத்த ஆண்டு வகுப்புக்கு அப்படியே ஒப்படைக்கிறோம். 'ஊகம்' என்று நிற்கும் ஊர்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சான்று உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
வரலாற்றுத் துறை ஆசிரியர்