பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், கண்ணு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெங்களூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை எடுக்கப்போவதாக நேற்று போனில் சொன்னாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1996-இல் மில்லில் சேர்ந்தேன். 2003-இல் வேறு மில்லுக்கு மாறியபோது ஏழு வருடப் பி.எஃப்., பென்ஷன் பணம் இரண்டையும் மொத்தமாக எடுத்துவிட்டேன். கூட இருந்தவர்கள் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பணத்தில்தான் பைக் வாங்கினேன். உன்னை டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன வண்டி, அதைக் குறைசொல்ல மனசு வரவில்லை. ஆனால் இரண்டாவது மில்லில் எட்டு வருடம் இருந்துவிட்டு 2011-இல் கடை வைக்க வந்துவிட்டேன். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஏழும் எட்டும் சேர்ந்திருந்தால் பதினைந்து. முதல் ஏழை நானே அழித்ததால் எட்டுதான் நின்றது. இப்போது 58 முடிந்தும் மாதப் பென்ஷன் இல்லை. உன் அம்மாவிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

உன் கணக்கில் 1,80,000 இருக்கிறது என்றாய். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். வருடா வருடம் மாறும்தான், ஆனாலும் இதே அளவில் போனால் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்னும் 27 வருடத்தில், நீ மேற்கொண்டு ஒரு பைசா போடாவிட்டாலும், 15 லட்சத்தை ஒட்டி வரும். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரியும் கட்ட வேண்டும். உனக்கு நாலுதான் ஆகிறது. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வரும், எடுத்துத் தீர்த்த சர்வீஸ் வராது. உடம்புக்கு முடியாமல் போனாலோ, சொந்த வீடு கட்டினாலோ அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்க வழி இருக்கிறது. அப்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உன் பி.எஃப். கணக்குகளையெல்லாம் சேர்க்கிற யூ.ஏ.என். நம்பர் கம்பெனி மாறினாலும் அதேதான், புதிது வாங்காதே. புதுக் கம்பெனியில் அதையே கொடுத்து, பழைய பணத்தை மாற்றச் சொல். நீ விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிந்திருக்கிறதா என்று பார். ஆதாரில் இன்ஷியலும் பி.எஃப்.பில் என் முழுப்பெயருமாக இருந்தால் அதை முதலில் சரிசெய், நம் ஊர்ப் பெயர்களுக்கு அங்கேதான் சிக்கல் வரும்.

அட்வான்ஸுக்கு, சீட்டு எடுத்த ஒரு லட்சம் என் கணக்கில் கிடக்கிறது. அதை வாங்கிக்கொள். மாதம் எட்டாயிரமாகத் திருப்பிக் கொடு, அடுத்த தீபாவளிச் சரக்குக்கு எனக்கு வேண்டும். வீட்டுக்காரருக்கு எந்தத் தேதிக்குள் கொடுக்கணும் என்று மட்டும் சொல், அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா