கனடாவின் தண்டர் பே நகரில் இருக்கும் என் மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டைக் கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூஸ் என்னும் அந்தப் பெரிய மானில் ஆண் ஒன்றைச் சுடுவதற்கான டேக், அதாவது அரசின் வேட்டை அனுமதிச் சீட்டு, உனக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் நவம்பர் முதல் வாரத்தில்தான் விடுப்பு தந்தார்கள் என்று உன் அம்மா சொன்னார். சொல்லும்போது அக்காவின் முகம் தெளிவாக இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெண் மூஸின் குரலில் ஊதி ஆணைக் கூப்பிடும் குழல் ஒன்று வாங்கி, வேலை முடிந்து வந்து தினமும் ஊதிப் பழகுகிறாய் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். காங்கேயம், பெருந்துறை, கோபி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே இருக்கிறார்கள். துப்பாக்கி உரிமமும் வேட்டைப் பயிற்சிச் சான்றும் வாங்கியவர்கள் அவர்களிலும் உண்டு. அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே வைக்கிறேன்.

நவம்பரில் மூஸைக் கூப்பிட்டு வரவழைக்கலாம் என்று நம்பிப் போகாதே. அது இரை தின்னும் இடத்தைக் கண்டுபிடி. கனடாக் காட்டில் நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு அங்குள்ள பெரியவர்கள் சொல்லித் தந்தவற்றில் இதுதான் தலையானது.

மூஸின் இணைசேரும் பருவம் பெரும்பாலும் நம் புரட்டாசிக்குள் அடங்கிவிடும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் உச்சம். அந்த நாட்களில் ஆண் மூஸ் குளம்பால் தரையைப் பறித்துக் குழி போடும், அதில் சிறுநீர் விட்டுப் புரளும், கொம்பால் புதர்களை அடித்து முறிக்கும். பெண்ணின் குரல் எந்தத் திசையில் கேட்டாலும் ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும். இரையைக் கிட்டத்தட்ட மறந்தே போகும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும். நானூறு, ஐந்நூறு கிலோ விலங்கு அது. எவ்வளவு சதை போயிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். சண்டையில் கொம்புக் குத்து வாங்கிய காயங்களோடும் பல அலையும்.

உன் அப்புச்சி பசுக்களோடு சேர்க்க வைத்திருந்த பூச்சிக்காளை உனக்கு நினைவிருக்கும். பசுக்கள் அடுத்தடுத்து வந்துபோன நாட்களுக்குப் பிறகு அது கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் மூலையில், கிளுவை வேலியோரம் தனியாக நிற்கும். பக்கத்தில் பசு வந்து நின்றாலும் கொழுக்கட்டைப் புல்லை விட்டு வாயை எடுக்காது. நீ தேடிப்போகும் மூஸும் அந்த நிலையில்தான் இருக்கும். ஆழமான பனி விழுவதற்குள் இழந்த சதையை முடிந்தவரை மீட்டாக வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். இரை, படுக்க மறைவு, யாரும் தொந்தரவு செய்யாத அமைதி, இந்த மூன்றையும் தவிர அதற்கு வேறு எதுவும் வேண்டாம். மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டால், பல நாட்கள் அந்தச் சின்ன வட்டத்தை விட்டு நகராது. ஒரு மாதத்துக்கு முன் முட்டிக்கொண்ட ஆண்களே இரண்டு மூன்றாகச் சேர்ந்து மேய்வதும் உண்டு.

அப்படியான இடம் எது? இலை உதிர்ந்துவிட்டதால் இனி அதற்கு இரை குச்சிதான். வில்லோ, பிர்ச், பாப்ளர், சிவந்த தண்டுடைய டாக்வுட், பால்சம் ஃபர் ஆகிய மரம் செடிகளின் இளங்கிளைகள். இவை ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலாகத் தழைத்து நிற்பது, சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டிய நிலத்திலும் தீப்பிடித்து எரிந்த காட்டிலும்தான். கம்பெனிகள் மரம் வெட்டிய பழைய பரப்புகள் வரைபடத்தில் தெரியும். அவற்றில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டை ஒட்டியிருக்கும் ஓரங்களை முதலில் குறித்துக்கொள். மூஸுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் அது கடித்த குச்சியின் நுனி பிய்ந்தும் நார் தொங்கியும் இருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். அந்த நுனி இன்னும் ஈரமாகவும் வெளிறியும் இருந்தால், நீ சரியான இடத்தில் நிற்கிறாய்.

வெப்பநிலையையும் பார். குளிர்கால ரோமம் முளைத்த மூஸுக்கு மைனஸ் 5 டிகிரியைத் தாண்டினாலே புழுக்கம் தொடங்கிவிடும். நமக்கு எலும்பு நடுங்கும் நாளில் அது திறந்த வெளியில் நிம்மதியாக மேயும். பனி உருகி ஒழுகும் நாளில் ஸ்ப்ரூஸ் நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நவம்பரில் அங்கே பகல் வெளிச்சமே ஒன்பதரை மணி நேரம்தான். பசித்த ஆண் மூஸ் விடியலிலும் அந்தியிலும் மட்டும் மேய்வதில்லை, நண்பகலிலும் எழுந்து வரும். ஆகவே பதினோரு மணிக்குக் காபி குடிக்க வண்டிக்குத் திரும்பிப் போகாதே. பிளாஸ்க்கில் எடுத்துப் போ.

குழலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. முதல் சுற்றில் சினைப்படாத பெண் மூஸ் மூன்று நான்கு வாரங்களில் மறுபடி பருவத்துக்கு வரும். எனவே அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஓரிரு பெண்களின் குரல் காட்டில் கேட்கத்தான் செய்யும். மேய்ச்சல் தடம் தெரியும் இடத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு நீண்ட நேரம் சும்மா இரு. வந்தால் சத்தமில்லாமல்தான் வரும். செப்டம்பரில் போலக் கிளை முறித்துக்கொண்டு வராது.

காற்று விஷயத்தில் மட்டும் நீ நம் ஊர்க்காரனாகவே இரு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவனுக்குக் காற்றின் திசையை யாரும் கற்றுத்தர வேண்டாம். மூஸுக்குப் பார்வை மட்டு. மூக்கும் காதும் அபாரம். படுப்பதற்கு முன் அது தான் நடந்து வந்த தடத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி, காற்றின் கீழ்ப்புறமாக, அதாவது காற்று வீசிப் போகும் பக்கமாக, சிறிது தூரம் பின்னால் வந்துதான் படுக்கும். தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே போகிறவனின் வாடை அதன் மூக்குக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். எனவே புதுப்பனியில் தடம் கிடைத்தால் அதன் மேலேயே நடக்காதே. கீழ்க்காற்றுப் பக்கம் விலகி, அரை வட்டமாகச் சுற்றி, அவ்வப்போது தடத்தை வந்து தொட்டுப் பார். அரை வட்டம் முடிந்தும் தடம் குறுக்கே வரவில்லை என்றால், மூஸ் உனக்கும் நீ கடைசியாகத் தடம் பார்த்த இடத்துக்கும் நடுவில் படுத்திருக்கிறது. அங்கிருந்து ஒவ்வோர் அடிக்கும் நின்று பார்த்துப் போ.

உன் டேக் ஆண் மூஸுக்கு மட்டும் என்பதால் இதையும் கேள். பெரிய ஆண்கள் நவம்பர் கடைசியிலிருந்தே கொம்பை உதிர்க்கத் தொடங்கும். நீ போகும் வாரத்தில் பெரும்பாலும் கொம்பு இருக்கும், ஆனாலும் புதரில் மறைந்து நிற்கும்போது தெரியாமல் போகலாம். பெண்ணின் முகம் செம்பழுப்பு, வாலுக்குக் கீழே வெள்ளைத் திட்டு இருக்கும். ஆணின் மூக்கும் முகமும் கறுத்திருக்கும். ஐயம் ஒரு துளி இருந்தாலும் விசையில் விரல் வைக்காதே.

கொல்லிமலை வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெருமையைச் செம்மேட்டில் ஆடி மாதம் விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் உன் துப்பாக்கிக் குண்டும் ஓர் உடலைக் கடந்து அப்பால் போகக்கூடியது. ஆண் மூஸுக்குப் பின்னால் இன்னொரு மூஸ் நிற்கிறதா, ஆரஞ்சு மேலாடை அணிந்த மனிதன் நிற்கிறானா என்று பார்த்த பிறகே சுடு. பக்கவாட்டில் முழுதாகத் திரும்பி நிற்கும்வரை பொறு. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலைப் பார்த்து ஒரே குண்டு. பட்ட பிறகும் சில நேரம் ஒன்றும் நடக்காதது போல நிற்கும் அல்லது மெல்ல நடந்து மறையும். உடனே பின்னால் ஓடினால், காயத்தோடு சதுப்புக்குள் போய்விடும். அரை மணி நேரம் உட்கார். மூஸ் நிற்கும் ஏரியோரத்தில் பனிக்கட்டி மெல்லியதாக இருந்தால் சுடவே சுடாதே.

இப்போது உன் அம்மாவின் வருத்தத்துக்கு வருகிறேன். "இங்கே கடமானைச் சுட்டால் சிறைக்குப் போக வேண்டும். அங்கே போய் அதே பாவத்தை இவன் செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். நான் தட்டிக்கழிக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் தேவையானது, சரியானது. சத்தியமங்கலம் காடு 2008-இல் சரணாலயமாகி, 2013-இல் புலிகள் காப்பகமானது. அங்கே கடமான் புலிக்கும் செந்நாய்க்கும் உரிய இரை. நாம் பங்கு கேட்கும் நிலையில் அந்தக் காடு இல்லை. இரவில் டார்ச் அடித்து முயலும் மானும் தேடிப் போகிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். நீ விடுமுறையில் ஊருக்கு வந்து அவர்களோடு ஒரு நாள் போனாலும், இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லையும் நீ படித்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் ஒண்டாரியோ மாகாணத்தில் குளிர்காலப் பனியின் மேல் விமானத்தில் பறந்து மூஸ்களைக் கணக்கெடுக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை கன்று என்று அளந்துதான் டேக் தருகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் டேக்கும் குறையும். குறையவும் காரணங்கள் இருக்கின்றன. ஒரே மூஸின் மேல் பல்லாயிரம் உண்ணிகள் ஏறிக்கொள்கின்றன. பனி தாமதமாக வரும் ஆண்டுகள் உண்ணிகளுக்கு வாழ்வு. வெள்ளைவால் மான்கள் பரப்பும் மூளைப்புழுவும் மூஸைக் கொல்கிறது. ஆக, உன் கையில் இருக்கும் டேக் அந்தக் காடு கணக்குப் பார்த்துத் தந்த ஓர் உயிர். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஆனிஷினாபே மக்கள் காலங்காலமாக மூஸை உண்டு வாழ்பவர்கள். பிரிட்டிஷ் அரசோடு அவர்கள் செய்த 1850-இன் ராபின்சன்-சுப்பீரியர் ஒப்பந்தத்திலேயே அவர்களுடைய வேட்டை உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வேட்டையில் உயிர் கிடைத்தால் மண்ணில் புகையிலை வைத்து நன்றி சொல்வது அவர்கள் மரபு. நீ அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. குலதெய்வத்தை நினைத்துக் கைகூப்பிவிட்டுக் கத்தியை எடு, போதும்.

கத்தியை எடுத்த பிறகு தாமதிக்காதே. அவ்வளவு பெரிய உடல், அவ்வளவு தடித்த தோல். வெளியே பனி பெய்தாலும் உள்ளே சூடு இறங்காது, தொடை எலும்பை ஒட்டி இறைச்சி கெடத் தொடங்கும். டேக்கில் குறியிடு, குடலை எடு, தோலை உரி, நான்கு கால்களாகப் பிரித்துத் துணிப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிடு. பிளாஸ்டிக் பை வேண்டாம். ஒரு பின்தொடை மட்டுமே ஐம்பது கிலோவைத் தாண்டும் என்பதால், வண்டிப்பாதையிலிருந்து எவ்வளவு தூரம் சுமக்க முடியும் என்பதைச் சுடுவதற்கு முன்பே முடிவு செய். உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டில் வீணாக விடுவது அங்கே சட்டப்படி குற்றம். விற்பதும் கூடாது. அக்கம்பக்கத்தில் இருக்கும் நம்மவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடு.

பருவம் முடிந்த ஆண் மூஸில் கொழுப்பே இருக்காது. வெறும் வறுவலாகச் செய்தால் நார் நாராக வரும். சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் நல்லெண்ணெயில் தாராளமாக வதக்கி, குறைந்த தீயில் நேரம் எடுத்து வேகவிடு. இறக்கும்போது தேங்காய்ப் பல்லைப் போடு. உப்புக்கண்டம் போடுவதானால் உப்பும் மஞ்சளும் தடவிய துண்டுகளை வெயிலுக்குப் பதில் உலர்த்தும் இயந்திரத்தில் காயவை. அந்த மாதத்தில் வெயிலை நம்ப முடியாது. ஈரலையும் சிறுநீரகத்தையும் மட்டும் உண்ணாதே, யாருக்கும் கொடுக்கவும் செய்யாதே. குச்சி தின்னும் அந்த விலங்கின் உள்ளுறுப்புகளில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் சேர்ந்திருக்கும். ஈரல் வறுவல் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

உன் டேக் எந்தப் பகுதி எண்ணுக்கு உரியது என்று எழுது. நான் அலைந்த பக்கமாக இருந்தால், பழைய வெட்டுநிலங்களைக் குறித்து வைத்த வரைபடம் ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாமா
காங்கேயம்