சிவப்பு வளையம் வேகாததன் அடையாளம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் உள்ள சிறிய பார்பிக்யூ உணவகம் ஒன்றில் சென்ற வாரம் கண்ட காட்சியே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. இரவு முழுவதும் புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியை, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரிகிறது என்பதற்காக, வேகவில்லை என்று சொல்லி ஒரு குடும்பத்தினர் திருப்பி அனுப்பினர். பரிமாறியவர் மறுபேச்சின்றி அதை எடுத்துச் சென்று தணலில் வாட்டிக் கொண்டுவந்தார். அத்தனை மணி நேர உழைப்பும் ஐந்து நிமிடத்தில் உலர்ந்த சக்கையாயிற்று. உணவகங்களைப் பற்றி அடிக்கடி எழுதும் தங்கள் நாளிதழ் இது குறித்து வாசகர்களுக்கு விளக்கினால் நன்மை பயக்கும்.

விறகு எரியும்போது எழும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் ஈரமான மேற்பரப்பில் கரைந்து, அதற்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்துடன் பிணைந்துவிடுவதால், பிறகு எவ்வளவு நேரம் வெந்தாலும் அந்தச் சிவப்பு மாறுவதில்லை. வேகாத கறியில் சிவப்பு நடுவில் இருக்கும். புகையில் வெந்த கறியிலோ அது விளிம்பை ஒட்டி மெல்லிய பட்டையாக நிற்கும். கோழிக்கறியிலும் இவ்வாறே சிவப்பு தங்குவதுண்டு. அது வெந்ததா என்பதை நிறம் சொல்லாது. தடித்த பகுதியில் செருகிய வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும். ஐயம் எழுந்தால் அந்த அளவைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை நான் வரவேற்கவே செய்வேன்.

நெஞ்சுக்கறி விலங்கின் எடையைத் தாங்கும் தசை என்பதால் அதில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மிகுதி. சட்டென்று சுட்டால் அது தோல் போல் இறுகிவிடும். ஆகவே அடுப்பை ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரிக்குள் வைத்து, பத்து மணி நேரத்துக்கும் மேலாக, நெருப்பு நேரடியாகப் படாமல் வேகவைக்கிறார்கள். உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கும்போது, கறியிலிருந்து கசியும் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், சில மணி நேரம் வெப்பமானியின் முள் நகர்வதே இல்லை. பொறுமையற்றவர் விறகைக் கூட்டிக் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். காத்திருந்தால் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாகி, உள்வெப்பம் 95 டிகிரியை எட்டும்போது கறி விரலால் பிரியும் அளவுக்கு மென்மையாகிறது. அன்று திருப்பி அனுப்பப்பட்டது இப்படி வெந்த கறியே.

பிற்பகலிலேயே 'தீர்ந்துவிட்டது' என்று பலகை மாட்டுவதையும் சிலர் அலட்சியம் என்கின்றனர். முந்தைய இரவு அடுப்பில் ஏற்றியதற்கு மேல் ஒரு துண்டுகூட அன்று புதிதாக உண்டாக்க இயலாத தொழிலில், நேற்றைய மிச்சத்தைச் சுடவைத்து விற்க மறுப்பது நேர்மையாகும். தட்டில்லாமல் வெறும் காகிதத்தில் கறி வைத்துத் தருவதும் மரியாதைக் குறைவு அன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளில், புகையூட்டிய கறியைக் காகிதத்தில் பொதிந்து விற்ற வழக்கத்தின் தொடர்ச்சி அது.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஈர விறகின் அடர்ந்த வெண்புகை கறியில் கசப்பையே ஏற்றும்; நன்கு உலர்ந்த விறகும் தடையற்ற காற்றோட்டமும் இன்றியமையாதவை. புகையில்லாத சாதாரண அடுப்பில் சமைத்த கறி மீது புட்டியில் வரும் புகைச்சாற்றைத் தடவிவிட்டு, விறகுப் புகையில் வெந்தது என்று எழுதி வைப்பது வாடிக்கையாளரை ஏமாற்றும் செயல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தவற்றுள் வகைப்படுத்தியிருப்பதால், இதை அன்றாட உணவாக்குமாறு நான் சொல்லவில்லை.

தங்கள் உணவுப் பகுதியில் இறைச்சி வகைகளுக்கான பாதுகாப்பான உள்வெப்ப அளவுகளையும், சிவப்பு வளையத்தின் காரணத்தையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து அந்த உணவகத்தின் சுவரில் ஒட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்